தளை தட்டாத வெண்பா: ஏஐ-யிடம் எதைக் கேட்பது, எதை நாமே செய்வது

எந்தச் சாட்பாட்டைத் திறந்து "மழையைப் பற்றி ஒரு குறள் வெண்பா எழுது" என்று கேட்டாலும் நொடியில் இரண்டு வரி வந்துவிடும். மேல்வரியில் நான்கு சொல், கீழ்வரியில் மூன்று சொல். பார்வைக்குக் குறள்தான். கூடவே "இது இலக்கணப்படி அமைந்த குறள் வெண்பா" என்ற உறுதிமொழியும் இருக்கும். அலகிட்டுப் பார்த்தால், அதாவது அசையும் (எழுத்துகள் சேர்ந்த ஓசைத் துண்டு) சீருமாக (அசைகள் சேர்ந்தது) பிரித்துப் பார்த்தால், இரண்டு மூன்று இடத்தில் தளை (சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள பொருத்தம்) தட்டும், ஈற்றுச்சீர் பிசகும், எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது) இருக்காது. இன்னும் நன்றாக எழுதச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டாலும் ஓரிடம் சரியாகி வேறிடம் தட்டும்.

அதற்காக ஏஐ-யை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தால் போதும். சொல் தேடவும், எழுதியதை முதல் வாசகராகப் படிக்கவும், அலகிடும் நிரல் எழுதவும் அது நன்றாக உதவும். அடியை அமைப்பதும் ஓசையைக் கேட்பதும் உங்கள் வேலை. ஏழே சீர் கொண்ட குறள் வெண்பாவை வைத்து இந்த முறையைப் பார்ப்போம். ஏழு சீர் கைவந்தால் பதினைந்து சீர் நேரிசை வெண்பாவுக்கும் இதே வழிதான்.

எந்திரத்துக்கு ஏன் தட்டுகிறது

மொழி மாடல் எழுத்தைப் பார்ப்பதில்லை, டோக்கன் எனப்படும் துண்டுகளைப் பார்க்கிறது. நமக்கு 'கு' ஓர் எழுத்து. யூனிகோடில் அது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 6 பைட். டோக்கன் பிரிக்கும் நிரல் இந்த வரிசையை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். மெய் ஒரு துண்டிலும் உயிர்க்குறி அடுத்த துண்டிலும் விழலாம். குறில் எது, நெடில் எது, ஒற்று எது என்பது அந்தத் துண்டுகளில் நேராகத் தெரிவதில்லை. அசை பிரிக்க வேண்டியதே அந்த மூன்றையும் வைத்துத்தான்.

இரண்டாவது காரணம், மாடல் இடமிருந்து வலமாக ஒவ்வொரு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. வெண்பாவில் ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் தொடக்கத்தைக் கட்டுப்படுத்தும். ஈற்றுச்சீர் அதற்கு முந்தைய சீரைக் கட்டுப்படுத்தும். பழகிய கை ஈற்றடியை முதலில் அமைத்துவிட்டு மேலே வருவதும் உண்டு. யோசித்துவிட்டுப் பதில் சொல்லும் புதிய மாடல்கள் கொஞ்சம் மேல். ஆனால் அவை யோசிக்கும்போதும் அசையைத் தப்பாகப் பிரித்து, அந்தத் தப்பின் மேலேயே கட்டிக்கொண்டு போகும்.

மூன்றாவது, இயைபு, அதாவது வரி முடிவில் ஒலி ஒன்றுவது. ஆங்கிலப் பாட்டில் ஒலி ஒப்புமை வரியின் கடைசியில் வரும். தமிழ் மரபில் அது பெரும்பாலும் வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் எதுகையாக வரும். "ரைம்" என்று சொல்லிக் கேட்டால் எல்லா வரியையும் "கின்றதே, கின்றதே" என்று முடித்துத் தரும். எதுகை வேண்டும் என்றால் எதுகை என்றே சொல்லுங்கள். இரண்டாம் எழுத்து எது என்பதையும் குறிப்பிடுங்கள்.

கையில் இருக்க வேண்டிய விதிகள்

யாப்பு இலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகை முழுவதும் வேண்டாம். குறள் வெண்பாவுக்கு இவ்வளவு போதும்.

தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் இல்லாவிட்டாலும், நேரசை. இரண்டு குறிலோ, குறிலை அடுத்த நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் இல்லாவிட்டாலும், நிரையசை. ஒற்றில்லாத தனிக் குறில் சீரின் கடைசியில்தான் நேராக நிற்கும். முன்னால் வந்தால் அடுத்த எழுத்தைச் சேர்த்துக்கொண்டு நிரையாகிவிடும். ஐகாரம் சீரின் முதலில் நெடில், மற்ற இடத்தில் குறில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சண்டையிட்டார்' என்பதில் டை-யைக் குறிலாக எண்ணினால் சண்/டையிட்/டார், கூவிளங்காய். நெடிலாக எண்ணினால் நான்கு அசையாகிச் சீரே கெட்டுவிடும்.

ஈரசையில் நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். இவற்றோடு ஒரு நேர் சேர்ந்தால் காய், வெண்பாவுக்கு ஆகும். ஒரு நிரை சேர்ந்தால் கனி; வெண்பாவுக்கு ஆகாது.

தளை மூன்றே வரி: மா முன் நிரை (மாவில் முடியும் சீரை அடுத்து நிரையில் தொடங்கும் சீர்), விளம் முன் நேர், காய் முன் நேர். முதலடி முடிந்து இரண்டாமடி தொடங்கும் இடத்திலும் இது பொருந்த வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று: தனி நேர், தனி நிரை, நேரோடு உகரம், நிரையோடு உகரம். இரண்டு அடிக்கும் எதுகை: இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதலெழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும்.

தளைக்கு ஒரு சொல்லைப் பற்றி இரண்டே செய்தி போதும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொடங்குவது நேரா நிரையா, முடிவது மாவா விளமா காயா. கீழே வரும் சொல் வங்கி முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

பொருளை முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள்

"மழை", "அம்மா", "காதல்" என்று தலைப்பு மட்டும் கொடுத்தால், அந்தத் தலைப்பில் ஆயிரம் பேர் எழுதியதன் சராசரி திரும்பி வரும். கண்ணால் பார்த்த ஒரு காட்சியையும், அதில் உங்களை உறுத்துவதையும் உரைநடையில் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். இங்கே எடுத்துக்கொள்ளும் காட்சி இது: "தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, முந்தின இரவே குடங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்." இதில் உறுத்துவது, ஆள் தூங்கப் போன பின்னும் குடம் காத்திருப்பது. இந்த வாக்கியம் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சொல் வங்கி

இப்போது ஏஐ-யிடம் போகலாம். அடி கேட்காதீர்கள், சொல் கேளுங்கள். ப்ராம்ப்ட் இப்படி இருக்கட்டும்: "தெருக்குழாயில் தண்ணீருக்குக் காத்திருக்கும் காட்சி. இதில் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள், காதில் விழும் ஒலிகள், ஆட்கள் செய்யும் செயல்கள் தொடர்பான 60 தமிழ்ச் சொற்கள் கொடு. இன்று பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் சொற்கள் மட்டும். அருவமான சொற்கள் வேண்டாம். ஒரு வரிக்கு ஒரு சொல், விளக்கம் வேண்டாம்." அதன்பின் தனியாக: "முதலெழுத்துக் குறில், இரண்டாம் எழுத்து 'ரு' என்று அமைந்த 40 சொற்கள் கொடு."

இரண்டாவது பட்டியலில்தான் களை அதிகம். இருட்டு, ஒரு, கருக்கல், பெருமூச்சு, அருகில், திரும்பு, நெருக்கம் என்று நல்ல சொற்கள் வரும். நடுவே 'இறுதி', 'சிறுவன்' என்று றுகரம் கலந்து வரும். 'மரம்', 'வரம்' என்று ரகரம் வரும்; இவற்றை வருக்க எதுகையாக (மெய் ஒன்றி உயிர் மாறுவது) கொள்ள வழியுண்டு, ஆனால் கேட்டது அதுவல்ல. முதலெழுத்து நெடிலான சொற்களும் நுழையும். இல்லாத சொற்களையும் அது உண்டாக்கும், கேட்பதற்குத் தமிழ் போலவே இருக்கும். ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தேடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இணையத்திலேயே தேடலாம். ஏஐ-யிடமே "இப்படி ஒரு சொல் உண்டா" என்று கேட்டால் பெரும்பாலும் உண்டு என்றுதான் சொல்லும்.

தேறிய சொற்களை ஒரு விரிதாளில் நான்கு பத்தியாகப் போடுங்கள்: சொல், வாய்பாடு (தேமா, புளிமா போன்ற பெயர்), தொடங்கும் அசை, முடிவு. சில வரிகள்:

தெருக்குழாய்: கருவிளம், நிரை, விளம்.
குடங்கள்: புளிமா, நிரை, மா.
சண்டை: தேமா, நேர், மா.
காத்திருக்கும்: கூவிளங்காய், நேர், காய்.
திரண்ட: புளிமா, நிரை, மா.
பிளாஸ்டிக்குடம்: புளிமாங்கனி, ஆகாது.

கடைசி வரியைப் பாருங்கள். ஒரே சீராக 'பிளாஸ்டிக்குடம்' கனிச்சீர், வெண்பாவுக்குள் வராது. 'பிளாஸ்டிக் குடம்' என்று இரண்டு சீராகப் பிரித்தால் 'குடம்' ஓரசைச் சீராகிறது, ஓரசைச் சீருக்கு ஈற்றில் மட்டுமே இடம். ஆக இந்தத் தொடர் வெண்பாவின் கடைசி இரண்டு சீராக மட்டும் நிற்க முடியும். 'நெகிழிக்குடம்' என்று மாற்றினாலும் அதே புளிமாங்கனிதான். வங்கியில் இப்படிக் குறித்து வைத்தால், ஒரு சொல்லோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவது மிச்சம்.

மா, விளம், காய் மூன்றிலும் நேர்த்தொடக்கம், நிரைத்தொடக்கம் இரண்டும் வங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஐ தரும் பட்டியலில் புளிமாவும் தேமாவும் மண்டிக் கிடக்கும், காய்ச்சீர் குறைவாக இருக்கும். காய் இல்லாத வெண்பா துள்ளாது. 'வந்துநிற்கும்', 'நீருக்கும்', 'ஒருசொட்டு' போன்ற கூட்டுகளை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அலகிட்டுப் பார்க்கும் விதம்

ஒப்பிடுவதற்காக ஏஐ-யிடம் அடியாகவே கேட்டால் எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி:

தெருக்குழாய் முன்னே குடங்கள் வரிசை
விடியும் முன்பே நிற்கும்

அலகிடுவோம். தெருக்/குழாய் கருவிளம். முன்/னே தேமா, விளம் முன் நேர், சரி. குடங்/கள் புளிமா, மா முன் நிரை, சரி. வரி/சை புளிமா, சரி. அடுத்த அடி விடி/யும் புளிமா. இங்கும் மா முன் நிரை, சரி. முன்/பே தேமா: மா முன் நேர் வந்துவிட்டது. இது நேரொன்றாசிரியத் தளை, வெண்பாவுக்கு ஆகாது. நிற்/கும் தேமா: மறுபடி அதே பிழை. போதாததற்கு நிற்கும் ஈற்றுச்சீராகவும் முடியாது, நாள் மலர் காசு பிறப்பு நான்கிலும் அது இல்லை. 'தெரு'வுக்கு 'விடி' எதுகையும் இல்லை. முதலடி முழுக்கச் சரியாக வந்து இரண்டாமடி சரிவதும் வழக்கமாகப் பார்க்கக்கூடியதே. மேலே போகப் போகக் கட்டுப்பாடு இறுகுகிறது, மாடலோ முன்னால் எழுதியதை மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

தளையை மட்டும் சரிசெய்யச் சொன்னால், அல்லது அவசரத்தில் நாமே செய்தால், இப்படி முடியும்:

தெருக்குழாய் முன்னே குடங்கள் வரிசை
விடியுமுன் வந்துநிற்கும் பார்

விடி/யுமுன் கருவிளம், வந்/துநிற்/கும் கூவிளங்காய், பார் நாள். ஒரு தளையும் தட்டவில்லை. ஆனால் 'பார்' அங்கே சும்மா நிற்கிறது. பார், காண், அன்றோ, தானே என்று ஓட்டையை அடைக்கும் சொற்கள் ஈற்றில் வந்தாலே நின்று யோசியுங்கள். வெண்பாவின் கனம் முழுவதும் விழும் இடம் ஈற்றுச்சீர். அதை அடைப்புச் சொல்லுக்குக் கொடுத்தால் குறள் படுத்துவிடும். எதுகையும் இன்னும் வரவில்லை.

இப்போது வங்கியிலிருந்து கட்டுவோம். முதலடியில் 'வரிசை' மங்கல். 'திரண்ட' என்ற சொல் இருக்கிறது. நிரையில் தொடங்கி மாவில் முடிகிறது, 'முன்னே'வுக்கு அடுத்து உட்காரும். தெ–தி மோனையும் (முதலெழுத்து ஒன்றுவது) முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் அமைகிறது, ஏனென்றால் இ, ஈ, எ, ஏ நான்கும் ஓரினம். "தெருக்குழாய் முன்னே திரண்ட குடங்கள்." அடி புளிமாவில் முடிவதால் அடுத்த அடி நிரையில் தொடங்க வேண்டும், குறிலை அடுத்து 'ரு' வர வேண்டும். இருட்டு, கருக்கல், ஒரு என்று பல சொல் பொருந்தும். திரண்டு நிற்கும் கூட்டத்துக்கு எதிரே வைக்க மிகச் சிறிய ஒன்று வேண்டும் என்பதால் 'ஒருசொட்டு'.

தெருக்குழாய் முன்னே திரண்ட குடங்கள்
ஒருசொட்டு நீருக்கும் காத்து

ஒரு/சொட்/டு புளிமாங்காய், நீ/ருக்/கும் தேமாங்காய், காத்/து காசு. காய் முன் நேர் இரண்டு இடத்திலும் சரி. இது பிழையற்ற குறள் வெண்பா. நிறுத்திவிடலாம். ஆனால் குழாயடியில் வேறென்ன சொட்டும்? 'நீருக்கும்' பொருளுக்கு எதையும் சேர்க்கவில்லை, ஒரு சீரைத்தான் நிரப்புகிறது. முதலில் எழுதிய உரைநடை வாக்கியத்தில் இருந்த இரவும் காணாமல் போய்விட்டது. "ஒரு சொட்டுக்கு ஓர் இரவு" என்று கொண்டுவர முடிந்தால் இரண்டும் தீரும்.

'ஒருசொட்டுக்கு' என்று எழுதினால் ஒரு/சொட்/டுக்/கு, நான்கு அசை, ஆகாது. ஆனால் அடுத்து 'ஓரிரவு' வருகிறது. குற்றியலுகரத்தை (குறுகி ஒலிக்கும் உகரம்) அடுத்து உயிர் வந்தால் உகரம் கெட்டு மெய் அடுத்த உயிரோடு சேரும்: ஒருசொட்டுக்கோரிரவு. சீர் பிரித்தால்,

தெருக்குழாய் முன்னே திரண்ட குடங்கள்
ஒருசொட்டுக் கோரிரவு காத்து

ஒரு/சொட்/டுக் புளிமாங்காய், கோ/ரிர/வு கூவிளங்காய், காத்/து காசு. பொருந்திவிட்டது. புணர்ச்சி சீரையே மாற்றும் இடம் இது. மாடல் பெரும்பாலும் சொற்களைப் பிரித்தே எழுதும், பிரித்தபடியே எண்ணும். அதனால் இப்படிக் கிடைக்கும் வாய்ப்பு அதற்குத் தெரிவதில்லை. புணர்ந்தால் கெடும் இடமும் தெரிவதில்லை. ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்: இரண்டு சீருக்கு நடுவே வல்லின ஒற்று மிகுவதால் அசை மாறாது, ஏற்கெனவே உள்ள அசையோடு அது ஒட்டிக்கொள்ளும். ஒரே சீருக்குள் மிகுந்தால் மாறலாம். உயிர் வந்து உகரம் கெட்டால் அசை மாறும்.

சரிபார்க்கும் கருவிகள்

நீங்கள் அலகிட்டதை எந்திரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சாட்பாட்டின் வாயால் கேட்காதீர்கள். 'விடியும்' என்பதைக் கூவிளம் என்று அது தயங்காமல் சொல்லிவிடும். அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இதற்கென்றே செய்யப்பட்டது. பாட்டை இட்டால் அசை, சீர், தளை, அடி, தொடை (எதுகை, மோனை போன்றவை) எல்லாவற்றையும் பிரித்துக் காட்டி, எந்தப் பா என்றும் சொல்லும். அது விதிகளால் ஓடும் நிரல், ஊகித்துச் சொல்வதில்லை. சீர் பிரித்த வடிவத்தை இட வேண்டும், சொல் பிரித்த வடிவத்தை அல்ல.

சொந்தமாக ஒரு நிரல் வேண்டுமானால், ஏஐ உண்மையில் கை கொடுக்கும் இடம் அதுதான். பைத்தான் ஓட்டும் வசதியுள்ள சாட்பாட்டிடம் இப்படிச் சொல்லுங்கள்: உரையை யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்று, ஓப்பன்-தமிழ் நூலகத்தின் எழுத்துப் பிரிக்கும் வசதியால் எழுத்தெழுத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் குறில், நெடில், ஒற்று என்று குறி, ஆய்தம் ஒற்று, சீர் முதலில் இல்லாத ஐகாரம் குறில், குறிலை அடுத்து உயிரோ உயிர்மெய்யோ வந்தால் இரண்டையும் சேர்த்து நிரை, இல்லாவிட்டால் நேர், குறிலோடு சேராத நெடில் எப்போதும் நேர், பின்னால் வரும் ஒற்றுகளை அதே அசையில் சேர், அசை வரிசைக்கு வாய்பாடு கொடு, அடுத்தடுத்த சீர்களின் தளையைச் சொல். விதிகளை நீங்கள் சொல்லி நிரலாக எழுத வைத்தால் பிழை குறையும். "வெண்பா சரிபார்க்கும் நிரல் எழுது" என்று விட்டுவிட்டால் விதிகளையும் அதுவே இட்டுக்கட்டும்.

முதல் சோதனை திருக்குறளின் முதற்குறள். புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா. கீழடியில் புளிமா, புளிமா, பிறப்பு என்று வர வேண்டும். பிறகு 1330 குறளையும் ஓட்டுங்கள். சில குறள்களில் தளை தட்டுவதாக நிரல் சொல்லும். வள்ளுவர் தவறவில்லை; பெரும்பாலும் அங்கே அளபெடையோ (ஓசைக்காக நீட்டிய எழுத்து) குற்றியலிகரமோ (குறுகி ஒலிக்கும் இகரம்) இருக்கும். 66ஆம் குறள் நல்ல உதாரணம். சீர் பிரித்தால் "குழலினி தியாழினி" என்று வரும். அந்தத் 'தி' குற்றியலிகரம், அலகு பெறாது. நிரல் அதை எண்ணினால் 'தியா' நிரையாகி விளம் முன் நிரை என்று தட்டும். எண்ணாவிட்டால் யா/ழினி, கூவிளம், சரி. யகரத்துக்கு முன் வரும் இப்படிப்பட்ட இகரத்தைத் தவிர்க்கும் விதியைத் தனியே சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கண்ணி தட்டச்சில் இருக்கிறது. 'ஔவை' என்பதை ஒ, ள, வை என்று மூன்று எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. சரியான ஔகாரமானால் ஔ/வை, தேமா. தவறாகத் தட்டினால் ஒள/வை, புளிமா. 'மௌனம்' என்பதும் 'மெளனம்' என்று தட்டப்பட்டால் இப்படியே தேமாவிலிருந்து புளிமாவுக்குப் போய்விடும். நிரல் சொல்வதும் உங்கள் காது சொல்வதும் முரண்பட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். என்எஃப்சி மாற்றம் 'கொ' போன்ற இரட்டைக் குறிகளைச் சேர்க்கும், ளகரத்தைத் திருத்தாது.

முதல் வாசகர்

வெண்பா முடிந்ததும் புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்குங்கள். பழைய உரையாடலில் உங்கள் நோக்கம் அதற்குத் தெரிந்திருக்கும், அதையே திருப்பிச் சொல்லும். "இதன் பொருளை ஒரு வாக்கியத்தில் சொல், பாராட்டு வேண்டாம்" என்று மட்டும் கேளுங்கள். மேலே உள்ள குறளைக் கொடுத்தால் 'கோரிரவு' என்பதைக் கோரமான இரவு என்று படித்துவிட வாய்ப்பு இருக்கிறது. மனித வாசகரும் அங்கே ஒரு கணம் தடுக்கி நிற்கலாம். இதற்குப் பழைய பதிப்பாசிரியர்கள் செய்ததே வழி: சீர் பிரித்த வடிவத்துக்குக் கீழே "ஒரு சொட்டுக்கு ஓர் இரவு காத்து" என்று சொல் பிரித்தும் கொடுங்கள். வாய்விட்டுப் படித்தால் தடுக்காது என்பதால் இந்த வகையுளியை (சீருக்காகச் சொல்லை உடைப்பது) வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. ஒரே குறளில் இரண்டு இடத்தில் இப்படி வந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

பாராட்டு வேண்டாம் என்பதை விட்டுவிடாதீர்கள். எதைக் கொடுத்தாலும் "அருமையான படைப்பு" என்று தொடங்குவது இந்த மாடல்களின் பழக்கம், அதை நம்பி ஒரு சீரும் திருத்தாமல் போனவர்கள் உண்டு.

நேரிசைக்குப் போகும்போது

நான்கடி, இரண்டாமடியின் நான்காம் சீர் தனிச்சொல், அந்தத் தனிச்சொல்லுக்கும் முதல் இரண்டு அடிக்கும் ஒரே எதுகை. பின்னிரண்டு அடி அதே எதுகையோ வேறோ. ஏஐ-யிடம் இங்கே கேட்க வேண்டியது தனிச்சொல்லுக்கான பட்டியல். முதலில் தனிச்சொல்லையும் ஈற்றடியையும் அமைத்துக்கொண்டு மற்றதை நிரப்புங்கள். முதலடியிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் தனிச்சொல் ஒட்டுப்போட்டது போலத் தொங்கும்.

புதுக்கவிதையானால்

யாப்பு இல்லை என்பதால் எந்திரம் பிழையில்லாமல் எழுதும். அதனால்தான் அங்கே ஆபத்து அதிகம். மௌனம், நிழல், கனவுகள், சிறகுகள், நினைவுகளின் தோட்டம், காலத்தின் மணல் என்று சொன்னதையே சொல்லும். கடைசி இரண்டு வரியில் ஒரு தத்துவத்தை வைத்து மூடும். வரி முறிவு வாக்கியம் முறியும் இடத்திலேயே இருக்கும். தடைப் பட்டியல் கொடுங்கள்: இந்த இருபது சொல் கூடாது, 'இன்' உருபு கொண்ட அருவத் தொடர் கூடாது, உவமை ஒன்றுக்கு மேல் கூடாது. வந்ததில் கடைசி மூன்று வரியை வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள். பல நேரம் அங்கேயே கவிதை முடிந்திருக்கும். ஆனாலும் புதுக்கவிதையில் அதை எழுத விடாமல், நீங்கள் எழுதியதில் எது தேய்ந்த சொல் என்று சுட்டிக்காட்ட மட்டும் வைத்துக்கொள்வதே மேல்.

வெளியே அனுப்பும் முன்

ஏஐ தந்த தொடர் ஏதாவது உங்கள் பாட்டில் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். பழம்பாடல் வரிகளையும் திரைப்பாட்டுத் துணுக்குகளையும் அது தன் சொல்போல எடுத்து வைக்கும். வழக்கத்துக்கு மாறாக ஒரு தொடர் மிக அழகாக வந்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுபொறியில் தேடுங்கள். பழைய இலக்கியமானால் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் தேடலாம். புணர்ச்சி பிரித்தும் சேர்த்தும் இரண்டு விதமாகத் தேடாவிட்டால் தப்பிவிடும்.

வங்கி, கைவிட்ட வடிவங்கள், அலகிட்ட தாள் எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரே கோப்பில் வையுங்கள். இதழ்களும் போட்டிகளும் ஏஐ பயன்பாட்டைப் பற்றிக் கேட்டால், சொல் தேடவும் சரிபார்க்கவும் பயன்படுத்தினேன், அடிகள் என்னுடையவை என்று ஒரு வரியில் எழுதி, கேட்டால் அந்தக் கோப்பை அனுப்பலாம்.